உள்கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாத ஆபீஸ்

கானாவில் அன்று மின்சாரம் போயிருந்தது. கரண்ட் போனால் திட்டித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் 2017 ஜூன் 27 அன்று போன அந்தக் கரண்டுக்கு, உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

அன்று டென்மார்க்கில், கோபன்ஹேகனில் இருக்கும் அதன் தலைமை அலுவலகத்தில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. விஷயம் புரிந்தவர்கள் மீட்டிங் அறைகளுக்குள் ஓடிப்போய், யார் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்றெல்லாம் பார்க்காமல் வயர்களைப் பிடுங்கினார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நாட்பெட்யா என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட ஒரு கணினிப் புழு, அதாவது தானாகவே பரவும் நிரல், உலகம் முழுவதும் பரவியிருந்த அந்த நிறுவனத்தின் வலையமைப்பை மேய்ந்து முடித்திருந்தது. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையம்கூட முடங்கியது. எந்தக் கண்டெய்னர் யாருடையது, எங்கே போக வேண்டும் என்று சொல்லக் கணினி இல்லாவிட்டால் துறைமுகத்தில் கிரேன் இருந்து என்ன பயன்?

மெர்ஸ்க்கிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். யார் ஊழியர், அவருடைய பாஸ்வேர்டு என்ன, எந்த ஃபோல்டருக்குள் அவர் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்ற கணக்கையெல்லாம் கையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை அது. ஒன்று பழுதானால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று 150-ம் ஒன்றுக்கொன்று நகலாக ஓடிக்கொண்டிருந்தன. அதனாலேயே தனியாக யாரும் அவற்றுக்கு பேக்கப் எடுத்து வைக்கவில்லை. மற்ற சர்வர்களுக்கு சில நாள் பழைய பேக்கப்புகள் இருந்தன. கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இல்லை. 150 பேரும் ஒரே மத்தியானத்தில் செத்துப்போவார்கள் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

ஒன்றே ஒன்று பிழைத்தது. கானா அலுவலகத்தில் புழு வருவதற்கு முன்பே கரண்ட் போய், அங்கிருந்த சர்வர் அணைந்து கிடந்தது. அதில் இருந்ததை இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் உட்கார்ந்திருந்த மீட்புக் குழுவுக்கு அனுப்பலாம் என்றால் கானாவின் இணைய வேகத்துக்கு அது பல நாள் வேலை. நேரில் கொண்டுவரலாம் என்றால் அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதை வைத்துத்தான் அந்த நிறுவனம் மறுபடி எழுந்தது. 4,000 சர்வர், 45,000 கணினி, 2,500 மென்பொருள், எல்லாவற்றையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று மெர்ஸ்க்கின் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 கோடி டாலரிலிருந்து 30 கோடி டாலர் வரை.

சரி, இந்தப் புழு எப்படி உள்ளே வந்தது? உக்ரைனின் ஒடெசா நகரில் மெர்ஸ்க்குக்கு ஒரு அலுவலகம் இருந்தது. அங்கே நிதிப் பிரிவில் ஒருவர், உள்ளூர் வரிக் கணக்குக்காக எம்.இ.டாக் என்ற மென்பொருளை ஒரே ஒரு கணினியில் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். நம்மூரில் டேலி எப்படியோ, உக்ரைனில் எம்.இ.டாக் அப்படி. அந்த மென்பொருள் கம்பெனியின் அப்டேட் சர்வரைக் கைப்பற்றியவர்கள், அப்டேட்டோடு அப்டேட்டாகப் புழுவை அனுப்பிவிட்டார்கள். ஒடெசாவில் ஒரு கணினி, கோபன்ஹேகன் முதல் மும்பை வரை பாதிப்பு. நடுவில் எத்தனை கதவுகள் இருந்திருக்க வேண்டும்? அவை ஏன் அதைத் தடுக்கவில்லை?

புழு, வைரஸ், ரேன்சம்வேர்

செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் "வைரஸ்" என்றே எழுதிவிடும். பேச்சுக்கு அது போதும். தற்காத்துக்கொள்ள நினைக்கிறவருக்குப் போதாது. வைரஸ் என்பது வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதை யாராவது திறக்கும்வரை காத்திருப்பது. புழுவுக்குப் பெரும்பாலும் யாரும் எதையும் திறக்கத் தேவையில்லை. ஒரு கணினிக்குள் வந்ததும் அது தானாகவே பக்கத்துக் கணினியைத் தேடிப் போகும். ரேன்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. அது தனி விஷயம். புழு வண்டி என்றால் ரேன்சம்வேர் அந்த வண்டியில் வருகிற சரக்கு. சரக்கு காலத்துக்குக் காலம் மாறும். வண்டி வருகிற பாதை மட்டும் அதிகம் மாறுவதில்லை.

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அன்றைய இணையத்தில் இருந்ததே சுமார் 60,000 கணினிகள். அவற்றில் பத்தில் ஒன்று பாதிக்கப்பட்டிருக்கும் என்பது அப்போதைய மதிப்பீடு. ஒரே கணினியில் திரும்பத் திரும்ப நகல் ஏறி, கணினிகள் மூச்சுத் திணறின. இணையத்தின் அந்த முதல் பெரிய புழு எந்தெந்த வழியில் போனது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மென்பொருள்களில் இருந்த ஓட்டைகள் ஒரு வழி. எளிதான பாஸ்வேர்டுகளை ஊகித்தது இன்னொரு வழி. "இந்தக் கணினியிலிருந்து வருகிறவரை அந்தக் கணினி கேள்வி கேட்காமல் உள்ளே விடலாம்" என்று நிர்வாகிகளே எழுதி வைத்திருந்த நம்பிக்கை மூன்றாவது வழி.

ஓட்டை, சாவி, நம்பிக்கை. அதற்குப் பிறகு வந்த பெரிய புழுக்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றையோ மூன்றையுமேயோ பிடித்துக்கொண்டுதான் போயிருக்கின்றன.

ஓட்டை வழியாக

ஓட்டையை மட்டும் நம்பிப் போகிற புழுவுக்கு வேகம் அதிகம். 2003 ஜனவரி 25 அன்று வந்த ஸ்லாமர் வெறும் 376 பைட்டு. இந்தப் பத்தியைக் கணினியில் சேமித்தால்கூட அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியே அது பரவியது. ஆரம்பத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்து நிமிடத்தில், அந்த ஓட்டை இருந்த கணினிகளில் பத்தில் ஒன்பதைத் தொட்டுவிட்டது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்துக்குள்ளும் ஸ்லாமர் போனது. வேண்டாத இணைப்புகளை வாசலிலேயே தடுக்கும் ஃபயர்வால் நிலையத்துக்கு இருந்தது. ஆனால் ஒரு ஒப்பந்தக்காரரின் வலையமைப்பிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வருகிற தனி இணைப்பு ஒன்றும் இருந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் படுத்துவிட்டது. நல்லவேளை, உலை அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை வந்த வானாக்ரை இதே ரகம். அதன் பின்னணி கொஞ்சம் விசித்திரமானது. விண்டோஸில் கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்எம்பி என்ற பகுதியில் ஒரு ஓட்டை இருப்பதை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, அடுத்தவர் கணினிக்குள் நுழையும் கருவியாகச் செய்து ரகசியமாக வைத்திருந்தது. எடர்னல்புளூ என்று அதற்குப் பெயர். அந்தக் கருவி கைமாறி, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் 2017 ஏப்ரல் 14 அன்று அதை ஊரறிய வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, அப்டேட் கொடுத்துவிட்டது. மார்ச் 14-க்கும் மே 12-க்கும் நடுவே 59 நாள்.

59 நாள் போதாதா என்று கேட்பது சுலபம். இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பான என்ஹெச்எஸ்-ஸில் என்ன நடந்தது என்பதை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் விசாரித்து எழுதியிருக்கிறது. அப்டேட் போடுங்கள் என்று மார்ச் 17-லும் ஏப்ரல் 28-லும் அவசர எச்சரிக்கை போயிருந்தது. இருந்தும் 236 மருத்துவமனை டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அவை தவிர 595 குடும்ப மருத்துவர் கிளினிக்குகள். ரத்தான மருத்துவ முன்பதிவுகள் 19,000-க்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பியால்தான் இந்தக் கதி என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். உண்மையில் உலக அளவில் பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். மைக்ரோசாஃப்டின் ஆதரவு இருந்த, இலவசமாக அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ். போடத்தான் ஆளில்லை.

ஏன் போடவில்லை என்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஸ்கேன் இயந்திரத்தோடு வருகிற கணினியில் கை வைத்தால், அதை விற்ற கம்பெனி "எங்களைக் கேட்காமல் ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்கும். தொழிற்சாலையிலும் அதே கதைதான். தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி-யை 2018 ஆகஸ்டில், அதாவது ஓராண்டுக்கு மேல் கழித்து, வானாக்ரையின் ஒரு வகை பிடித்தது. புதிதாக வாங்கிய இயந்திரத்தை முதலில் சோதிக்காமல் உள் வலையமைப்பில் இணைத்ததுதான் தவறு. அப்படி ஒரு தேர்ந்த நிறுவனத்திலேயே சில தொழிற்கூடங்கள் ஓரிரு நாள் நின்றுபோயின.

வானாக்ரையின் கதையில் சிரிப்பதற்கும் ஒரு இடம் உண்டு. ஒரு கணினிக்குள் வந்ததும் அது முதலில் அர்த்தமில்லாத நீளமான ஒரு இணைய முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் வேலையை நிறுத்திக்கொள்ளும். அந்த முகவரியை அதுவரை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் இளைஞர் 10.69 டாலர் கொடுத்து அதைப் பதிவு செய்ய, உலகம் முழுவதும் புழு அடங்கத் தொடங்கியது. ஆனால் சில நிறுவனங்கள் முன்னெச்சரிக்கை என்று நினைத்து, அந்த "ஆபத்தான" முகவரியைத் தங்கள் ஃபயர்வாலில் தடுத்து வைத்தன. மருந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாதிரிதான்.

இந்தப் புழு ஒரு ஆபீஸுக்குள் செய்வதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கணினிகளின் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர்; ஒரே ஸ்விட்சில் இணைந்த சின்ன வலையமைப்பில் 254 முகவரிகள் வரை இருக்கலாம். கணக்குப் பிரிவின் ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு, புழு அந்த ஒவ்வொரு முகவரியின் கதவையும் தட்டும். அது தட்டுகிற கதவின் எண் 445. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான வாசல் அது. திறந்திருந்து, உள்ளே ஓட்டை அடைபடாமல் இருந்தால் நகல் போய்விடும். அந்த நகலும் அதே 254 கதவுகளைத் தட்டத் தொடங்கும். யாரும் மெயிலைத் திறக்கவில்லை, லிங்கைச் சொடுக்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் மாடி முழுக்க முடிந்துவிடும்.

இங்கே யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று. கணக்குப் பிரிவின் கணினிக்கும் ரிசப்ஷனில் இருக்கும் கணினிக்கும் 445 வழியாகப் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? இரண்டும் சர்வரோடு பேச வேண்டும், பிரிண்டரோடு பேச வேண்டும். ஒன்றோடொன்று பேச எதுவும் இல்லை. ஆனாலும் பேச முடிகிற மாதிரிதான் நாம் எல்லா ஆபீஸ்களையும் கட்டி வைத்திருக்கிறோம். காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டு, உள்ளே எந்த அறைக்கும் தாழ்ப்பாள் போடாத வீடு.

சாவி வழியாக

அப்டேட் ஒழுங்காகப் போட்டிருந்தால் வானாக்ரை தொட்டிருக்காது. அதே ஆண்டு ஜூனில் நாட்பெட்யா வந்தபோது உலகம் கற்றுக்கொண்டது, அது மட்டும் போதாது என்பதைத்தான். அதனிடமும் எடர்னல்புளூ இருந்தது. ஆனால் அது அதிகம் பயன்படுத்தியது அந்தந்த ஆபீஸின் சொந்தச் சாவிகளை.

விண்டோஸில் ஒருவர் லாக்-இன் செய்தால், அவருடைய அடையாளத் தகவல்கள் கணினியின் நினைவகத்தில் ஒரு மூலையில் தங்கியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரைத் திறக்கும்போதும் பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை செய்யக் கூடாது என்பதற்கான வசதி அது. கணினியில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமை கிடைத்த ஒரு நிரல் அந்த மூலையைத் துழாவி எடுத்துவிடும். நாட்பெட்யா அதைச் செய்தது. அப்புறம் அந்தச் சாவியைக் கொண்டு, நிர்வாகிகளே தினமும் பயன்படுத்தும் பிஎஸ்எக்ஸெக், டபிள்யூஎம்ஐ போன்ற கருவிகள் வழியாக அடுத்த கணினியில் தன்னை ஓட்டியது. அடுத்த கணினியின் பார்வையில் அது திருடன் இல்லை. சரியான பாஸ்வேர்டோடு வந்த அட்மின். எல்லா அப்டேட்டும் போட்ட கணினிகூட அவருக்குக் கதவைத் திறந்துவிடத்தானே செய்யும்?

இதில் நம் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பழக்கங்கள் புழுவுக்கு உதவுகின்றன. முதலாவது, கணினி வாங்கும்போது ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, அப்படியே நகலெடுத்து மற்ற ஐம்பதிலும் இறக்குவது. வேலை மிச்சம். ஆனால் ஐம்பதிலும் அட்மின் பாஸ்வேர்டு ஒன்றே. ஒரு அறையின் சாவி ஐம்பது அறைக்கும் பொருந்தும். இரண்டாவது, சிஸ்டம் அட்மின் தம்பி யார் "ஸ்லோவா இருக்கு" என்று கூப்பிட்டாலும் போய், டொமைன் முழுவதையும், அதாவது ஆபீஸின் எல்லாக் கணினிகளையும், ஆளும் தன்னுடைய கணக்கிலேயே அந்தக் கணினியில் லாக்-இன் செய்வது. வேலையை முடித்துவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். மாஸ்டர் சாவி அங்கேயே கிடக்கும்.

2008 நவம்பரில் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற புழுவுக்கும் சாவி ஆசை உண்டு. ஆனால் அது திருடுவதில்லை, ஊகிக்கும். தன்னிடம் இருந்த எளிய பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகத் தட்டிப் பார்க்கும். மூன்று நான்கு தடவை தப்பாகப் போட்டால் கணக்கைப் பூட்டிவிடும் ஆபீஸ்களில், காலையில் வந்தவர்களால் லாக்-இன் செய்யவே முடியவில்லை. "என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை" என்று ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஐடி பிரிவுக்கு ஃபோன் செய்தால், பத்துப் பேரும் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

கான்ஃபிக்கர் பென் டிரைவிலும் போனது. செருகியவுடன் வருகிற ஆட்டோரன் பெட்டியில், "ஃபோல்டரைத் திற" என்ற வழக்கமான வரியைப் போலவே ஃபோல்டர் படத்தோடு இன்னொரு வரியைச் சேர்த்திருக்கும். அதைச் சொடுக்கினால் திறப்பது ஃபோல்டர் அல்ல. ஆட்டோரன் வசதியை மைக்ரோசாஃப்ட் பின்னால் பென் டிரைவுகளுக்கு நிறுத்திவிட்டது. அதனால் அந்தக் கதவு ஓரளவு மூடியாயிற்று.

மூன்றாவது வழியான நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.இ.டாக் கதையே போதும். அப்டேட் போடு, அப்டேட் போடு என்று எல்லோரும் சொல்கிறோம். உக்ரைனில் அப்டேட் போட்டவர்கள்தான் மாட்டினார்கள். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று முடிவு செய்வது முட்டாள்தனம். வெளியிலிருந்து வருகிற எதுவும் என்றைக்காவது ஒருநாள் கெட்டதாக வரும் என்று வைத்துக்கொண்டு, வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்க வேண்டும். ஒடெசாவின் அந்தக் கணினி ஒடெசாவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையில் மெர்ஸ்க் பெயரே வந்திருக்காது.

என்ன செய்யலாம்

ஆன்டி-வைரஸ் வாங்கியாயிற்றே என்பவர்களுக்கு: வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் புதிய புழு வந்த முதல் நாளில் அதை முழுக்க நம்ப முடியாது. எல்லாம் முடிந்தபிறகு அது கண்டுபிடித்துச் சொல்லும். என்னைக் கேட்டால், சின்ன ஆபீஸ்களுக்குக் காசே செலவில்லாத ஒரு வேலைதான் முதலில் வரும். கணினியிலிருந்து கணினிக்குப் போகிற வழியை அடைப்பது.

விண்டோஸிலேயே ஃபயர்வால் இருக்கிறது. ஊழியர்களின் கணினிகளில், உள்ளே வருகிற 445 இணைப்புகளைத் தடுக்க அதுவே போதும். அந்தக் கணினிகளிலிருந்து சர்வருக்குப் போகிற இணைப்பு வழக்கம்போல் வேலை செய்யும். இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? பிரிண்ட் வரவில்லை, கணக்கு மென்பொருள் சர்வரோடு சேரவில்லை என்று ஆள் வந்தால், அவர் முதலில் செய்வது ஃபயர்வாலை மொத்தமாக ஆஃப் செய்வது. ஆஃப் செய்தவுடன் பிரிண்ட் வந்துவிடும். அவர் கைகழுவிக்கொண்டு போய்விடுவார். எந்த ஒரு மென்பொருளுக்கு எந்த ஒரு வாசல் வேண்டும் என்று பார்த்து அதை மட்டும் திறந்துவிட இன்னும் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தக் கோப்புப் பகிர்வில் முதல் பதிப்பு ஒன்று உண்டு, எஸ்எம்பி 1. எடர்னல்புளூ புகுந்தது அதன் வழியாகத்தான். 2017-க்குப் பிறகு புதிதாக நிறுவும் விண்டோஸில் அது இயல்பாக இருப்பதில்லை. ஆனாலும் பல ஆபீஸ்களில் மறுபடி உயிர் பெற்றிருக்கும். மூலையில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் இயந்திரம்தான் பெரும்பாலும் காரணம். ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டரில் போட அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். ஒரு ஸ்கேனருக்காக ஆபீஸ் முழுக்கப் பழைய வாசலைத் திறந்து வைப்பதற்குப் பதில், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிவிடலாம்.

கொஞ்சம் பெரிய இடமென்றால் ஸ்விட்சிலேயே வலையமைப்பைப் பிரிக்கலாம். கணக்குப் பிரிவு ஒரு பக்கம், சிசிடிவி பெட்டி ஒரு பக்கம், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபை இன்னொரு பக்கம். அப்டேட் போடவே முடியாத ஸ்கேன் இயந்திரம், எடை மேடைக் கணினி போன்றவற்றைத் தனியாக ஒதுக்கி, அவை யாரோடு பேசியே ஆக வேண்டுமோ அவரோடு மட்டும் பேசவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு இப்படி ஒதுக்க வேண்டியவற்றின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, குறையவில்லை.

சாவிக்கு வருவோம். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு அட்மின் பாஸ்வேர்டைத் தானாக உருவாக்கி, காலாகாலத்தில் மாற்றிக்கொள்ளும் லேப்ஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. 2023 முதல் அது விண்டோஸோடே வந்துவிடுகிறது. டொமைன் இல்லாத பத்துக் கணினி ஆபீஸில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் பூட்டி வைத்தாலே போதும். புழுவுக்குப் பீரோ திறக்கத் தெரியாது. அட்மின் தம்பிக்கு இரண்டு கணக்கு வேண்டும். மெயில் பார்க்கவும் ஊழியர் கணினிகளைச் சரிசெய்யவும் ஒன்று, சர்வரைத் தொட மட்டும் இன்னொன்று. முதலாளியின் கணினியில் அவருக்கு அட்மின் உரிமை எதற்கு என்று கேட்கிற தைரியமும் யாருக்காவது வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.

பேக்கப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. எப்போதும் மாட்டியே இருக்கும் டிரைவில் நகல் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. கணினிக்குத் தெரிகிற டிரைவ் எல்லாம் புழுவுக்கும் தெரியும். எடுத்து முடித்ததும் கழற்றி வைக்கிற ஹார்டு டிஸ்க் ஒன்றாவது இருக்க வேண்டும். அதிலிருந்து உண்மையிலேயே திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தே பார்த்துவிட வேண்டும். நாட்பெட்யாவில் பணம் கட்டினாலும் பயன் இருந்திருக்காது. திரையில் 300 டாலர் கேட்டது வெறும் வேஷம். பூட்டைத் திறக்கும் சாவியைத் திரும்பத் தரும் ஏற்பாடே அதில் இல்லை. அழிப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் அதிகாரிகள் ஆறு பேர்மீது அமெரிக்கா 2020-ல் குற்றம் சாட்டிய வழக்கில் இதுவும் அடக்கம்.

முதல் ஒரு மணி நேரம்

இவ்வளவும் செய்தும் ஒருநாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் பல கணக்குகள் பூட்டிக்கொள்கின்றன. ஆபீஸில் யாருமே இல்லாத நேரத்தில் ஸ்விட்சின் விளக்குகள் விடாமல் மின்னுகின்றன. வெவ்வேறு கணினிகளில் ஆன்டி-வைரஸ் ஒரே பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அப்போது எந்தக் கணினியில் ஆரம்பித்தது என்று ஆராய உட்கார வேண்டாம். சின்ன ஆபீஸென்றால் ஸ்விட்சின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை பெட்டியையும் அணையுங்கள். எந்தக் கணினியும் இன்னொன்றோடு பேச முடியாது. வேலை நின்றுபோகும், நிற்கட்டும். பெரிய இடத்தில் இந்த முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று மாடியேறிப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த நேரத்தில் மிகத் திறமையான ஆள் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. "என்னன்னு பார்க்கிறேன்" என்று, இணைப்பு இன்னும் துண்டிக்காத, பாதிக்கப்பட்ட கணினியில் தன் அட்மின் கணக்கோடு உட்காருவது. அதுவரை புழுவிடம் இல்லாத மாஸ்டர் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

சுத்தம் செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து உடனே வலையமைப்பில் மாட்டினால், இன்னும் சரியாகாத பக்கத்துக் கணினி அதை மறுபடி பிடித்துவிடும். கான்ஃபிக்கர் காலத்தில் வாரக்கணக்கில் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்த ஆபீஸ்கள் உண்டு. எல்லாவற்றையும் வெளியே வைத்துச் சுத்தம் செய்து, அப்டேட் போட்டு, பாஸ்வேர்டுகளை மாற்றி, அதன்பிறகுதான் உள்ளே விட வேண்டும். புழுவை விரட்ட இன்னொரு புழுவை விட்டால் என்ன என்று 2003-லேயே ஒருவருக்குத் தோன்றியது. பிளாஸ்டர் புழுவை அழித்து அப்டேட் போடுவதற்காக வெல்ச்சியா என்ற "நல்ல" புழு வந்தது. அது கதவு தட்டிய நெரிசலிலேயே பல வலையமைப்புகள் படுத்துவிட்டன.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டக் கடமையும் உண்டு. கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் சொல்ல வேண்டும். தகவல் சொல்ல மெயில் வேலை செய்ய வேண்டுமே என்றால், அங்கேதான் சிக்கல். என்ஹெச்எஸ் ஊழியர்கள் மெயில் இல்லாமல் சொந்த ஃபோனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் பேசிக்கொண்டார்கள். மெர்ஸ்க்கில் மெயிலோடு இணைத்து வைத்திருந்ததால் ஃபோனில் இருந்த தொடர்பு எண்களும் பலருக்குக் காணாமல் போயின. ஆகவே யாரைக் கூப்பிடுவது, எந்த கேபிளைப் பிடுங்குவது, பேக்கப் டிஸ்க் எந்த பீரோவில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் பேனாவால் எழுதி, ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.